சத்தியமும் தண்டலும்

திருவொற்றியூருக்கும் சத்தியத்துக்கும் உள்ள உறவு பழையது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற கதை. சங்கிலியாரை மணக்க விரும்பும் சுந்தரர், அவரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டி வருகிறது. திருவாரூரில் பரவையார் இருக்கிறார். பிரியாமல் தீராது என்பது சுந்தரருக்கே தெரியும். ஆகவே சிவனிடமே ஓர் ஏற்பாட்டுக்குப் போகிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் கொஞ்சம் வெளியே போய் மகிழமரத்தடியில் இரும். சிவன் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டவர், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள் என்று சங்கிலியாருக்கும் கனவில் சொல்லிவிடுகிறார். மரத்தைச் சுற்றிவந்து சத்தியம் செய்த சுந்தரர், வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு தாங்காமல் ஊர் எல்லையைத் தாண்டுகிறார், கண்ணிரண்டும் போய்விடுகின்றன. மாசி உற்சவத்தில் மகிழடி சேவை என்று இன்றும் இது அந்தக் கோயிலில் நடக்கிறது.

பக்தி விளக்கங்களை ஒதுக்கிவைத்துப் படித்தால், சத்தியம் என்ற காரியத்தின் அடியில் கிடக்கும் பேரம் இந்தக் கதையில் துல்லியமாகத் தெரிகிறது. சத்தியம் செய்கிறவன் செய்கிறபோதே வெளியேறும் வாசலையும் பார்த்து வைத்துக்கொள்கிறான். 1998இல் என் அம்மா என் அண்ணனை அதே மரத்தடிக்குக் கூட்டிப்போய் சத்தியம் வாங்கினாள். "இனிமே லாட்டரிச் சீட்டத் தொடமாட்டேன்" என்பது அவன் சொன்ன வாசகம். ரம்மியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. அன்று ராத்திரி அவன் காலடிப்பேட்டையில் ஒரு மாடி அறையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். சத்தியத்தை அவன் மீறவில்லை என்பதை அம்மாகூட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் 31 வருஷம் ஆடினான். 1991இல், பத்தொன்பது வயதில், ஒரு ரூபாய் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் பரிசு விழுந்ததில் தொடங்கிற்று. வென்ற பணத்தை, மீன் இரையென்று விழுங்கிய தூண்டிலாகப் பார்க்கிறது சூது அதிகாரத்தின் முதல் குறள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இதை உரையாசிரியர் யாரும் விளக்க வேண்டியதில்லை. குறளில் கள்ளுக்குரிய அதிகாரம் 'கள்ளுண்ணாமை' என்று எதிர்மறையில் நிற்கிறது. சூதுக்கு வெறும் 'சூது' என்றுதான் தலைப்பு. அடுத்த அதிகாரம் 'மருந்து'. இந்த வரிசையைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 93க்கும் 95க்கும் நடுவில் எங்கள் வீடு 31 வருஷம் குடியிருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

*

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தப் பிரதேசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உழைப்பைப் பற்றி எழுதுகிறார்கள். உழைப்பு இருக்கிறதுதான். அதே அளவு காத்திருப்பும் இருக்கிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. படகு வரக் காத்திருத்தல், ஷிப்டு மாறக் காத்திருத்தல், ஒப்பந்தக்காரன் பெயர் கூப்பிடக் காத்திருத்தல். துறைமுகத்துக்குள் போக வேண்டிய டிரெய்லர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் நாட்கணக்கில் வரிசையில் நின்றிருக்கின்றன. அவற்றின் நிழலில் துண்டு விரித்து மூன்று சீட்டு நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதம் வலை பின்னும் கொட்டகைகளில் வலை மட்டும் பின்னப்படுவதில்லை. காலம் கையில் கனத்துக் கிடக்கும்போது அதைக் கொஞ்சம் வேகப்படுத்த ஏதாவது வேண்டியிருக்கிறது. சூதாடுகிறவன் பணத்துக்காக ஆடுகிறான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சீட்டைத் திருப்புவதற்கு முந்திய அந்த ஒரு கணத்துக்காகவே ஆடினேன், பணம் அந்தக் கணத்துக்கு வாங்கின டிக்கெட் என்று அண்ணன் சொல்கிறான்.

அந்த டிக்கெட்டை விற்றவர்களும் மாறிக்கொண்டே வந்தார்கள். முதலில் அரசாங்கம். தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு 1968இல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகத்தோடு வந்தது, 1975இல் நிறுத்தப்பட்டது, 1984இல் திரும்ப வந்தது, 2003 ஜனவரியில் எல்லா மாநில லாட்டரிகளும் தடைசெய்யப்பட்டன. தடை வந்த மாதமே அண்ணன் காட்டனுக்குப் போனான். வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புரியாது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் ஒரு காலத்தில் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த எண்களின் மீது ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள். 1960களில் பருத்தி விலை போய், பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்பது வந்தது. மட்கா என்றால் பானை. பருத்தியும் போய்ப் பானையும் போன பிறகும் இங்கே அதற்குக் காட்டன் என்றே பெயர். டீக்கடைச் சந்தில் ஒருவனிடம் எண்ணைச் சொல்லிப் பணம் கொடுத்தால் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வான். பிறகு கைபேசி வந்தது. சந்துக்குப் போக வேண்டிய சிரமமும் ஒழிந்தது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் கண்டது ஒன்றுண்டு. கொத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்தால் புறா தேவைக்குக் கொத்தும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி கிடைத்தால் ஓயாமல் கொத்தும். புறா வளர்ப்பிலும் புறாப் பந்தயத்திலும் தேர்ந்த எங்கள் தெருக்களில் இந்த ஞானத்தைப் புறாக்களின் மீது யாரும் பிரயோகித்ததில்லை. பிரயோகம் மனிதர்கள் மீது நடந்தது.

*

சூதாட்டத்துக்கென்று தமிழில் ஒரு வினைச்சொல் ஜோடி இருக்கிறது. விடுவது, பிடிப்பது. "ஐயாயிரம் விட்டுட்டேன்" என்றால் தோற்றேன். "விட்டதப் பிடிக்கணும்" என்றால் தோற்றதை மீட்க மறுபடியும் ஆட வேண்டும். 31 வருஷமும் அண்ணனைச் செலுத்திய வாக்கியம் இந்த இரண்டாவதுதான். ஆட்டத்திலிருந்து விலகுவதற்கும் நம்மிடம் அதே சொல்தான் இருக்கிறது: "விட்டுட்டேன்." ஒரே மாதத்தில் அவன் அம்மாவிடம் 'விட்டுட்டேன்' என்று சந்தோஷமாகவும், அண்ணியிடம் 'விட்டுட்டேன்' என்று தலையைத் தொங்கப்போட்டும் சொல்லியிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் மொழி ஒரு தடுப்புச் சுவரும் எழுப்பவில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நான் நினைக்கவில்லை. தோற்றதை ஒரே ஆட்டத்தில் மீட்டுவிட முடியும் என்று நம்புகிறவன்தான், தோற்ற மானத்தையும் ஒரே சத்தியத்தில் மீட்டுவிட முடியும் என்று நம்புகிறான். கற்பூரத்தை அணைத்தும், குழந்தை தலையில் கைவைத்தும், மரத்தடியில் நின்றும் அண்ணன் செய்த சத்தியங்கள் எல்லாம் பெரிய தொகைப் பந்தயங்களாகவே எனக்குப் படுகின்றன. கைவசம் இருப்பதையெல்லாம் ஒரே எண்ணில் வைப்பது. எண் விழாவிட்டால் அடுத்தது இன்னும் பெரிய சத்தியம்.

டாஸ்டாவ்ஸ்கியின் கதையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்குள் முடிப்பதற்காக 1866 அக்டோபரில் 26 நாட்களில் அவர் சொல்லச் சொல்ல அன்னா சுருக்கெழுத்தில் எழுதிய நாவல் 'சூதாடி'. சூதாடியின் மனத்தை உள்ளிருந்து அவ்வளவு சுயபிரக்ஞையோடு எழுதிய மனிதர், அடுத்த வருஷமே அன்னாவை மணந்து ஐரோப்பாவுக்குப் போய், மனைவியின் நகைகளை அடகுவைத்து ரூலட் ஆடினார். அறிவு அவரைத் தடுக்கவில்லை. நாவல் தடுக்கவில்லை. இனி இல்லை என்று அன்னாவுக்குக் கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். 1871இல் வீஸ்பாடனில் தோற்றுவிட்டு எழுதியதும் அதே மாதிரிக் கடிதந்தான். அதற்குப்பின் அவர் ஆடவில்லை. இதை விமரிசகர்கள் சித்த உறுதியின் வெற்றியாக எழுதுகிறார்கள். 1872 முடிவோடு ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி மூடப்பட்டன என்பதையும், கடிதங்களைக் கடைசிவரை படிக்க ஒரு ஆள் இருந்தாள் என்பதையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அந்த இரண்டும் முக்கியமாகப் படுகின்றன.

*

2022 ஜூனில் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணம் 42,000 ரூபாய், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் கைபேசி ரம்மியில் போயிற்று. காலையில் அவன் வீட்டில் இல்லை. அவன் வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீசுக்கும் வரவில்லை. நாங்கள் தேடிய இடங்களை எழுதப் போவதில்லை. கடற்கரை ஊரில் தேடினோம் என்றால் போதும். சாயங்காலம் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தூண்டில் வளைவுக் கல்லில் ஒருவன் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததாகச் சொன்னார். "எவ்ளோ விட்ட?" என்று மட்டும் கேட்டாராம். ஏன் விட்டாய் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான்.

குடியை விட்டவர்களின் கூட்டங்கள் சென்னைக்குப் புதிதல்ல. 1935இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரனில், பில் என்ற பங்குச்சந்தை ஆளும் பாப் என்ற டாக்டரும் சந்தித்ததில் தொடங்கியது அந்த இயக்கம். தன் குடியை அடக்க வழி தெரியாத பில், இன்னொரு குடிகாரனோடு பேசிக்கொண்டிருக்கும்வரை தனக்குக் குடிக்கத் தோன்றவில்லை என்பதைக் கண்டுகொண்டார். உதவி செய்கிறவனுக்கே உதவி தேவைப்படுகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பில் உபதேசத்துக்கு இடமே இல்லை. 1957 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் சூதாடிகள் இதே முறையை எடுத்துக்கொண்டார்கள். நகரத்தின் தென்கோடி அடையாறில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய்க்கான சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அதே 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சூதும் ஒரு நோயாக முதன்முறை இடம்பெற்றது. அதைக் குடியோடு ஒரே பந்தியில் உட்காரவைக்க அவர்களுக்கு 2013 வரை ஆயிற்று.

கிரேன் பெரியவர் முதலில் குடியை விட்டவர். பிறகு காட்டனை விட்டவர். அந்த அமெரிக்க முறையைத் தெரிந்த அளவில் வைத்துக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு டுடோரியல் வகுப்பறையில் வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கூடுகிற ஏழெட்டுப் பேரில் ஒருவர். மீன் ஏலம் விடுகிற ஒரு அம்மா, டிரெய்லர் ஓட்டுகிறவர், டயர் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பையன். பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்குவார்கள். வெளியே எடுத்துப்போகமாட்டார்கள் என்பதால் நானும் எழுதவில்லை. மாசத்தின் கடைசி வியாழன் வீட்டார் வரலாம். அப்படித்தான் நான் போனேன்.

முதல் நாள் அண்ணன் எழுந்து, தன் வழக்கப்படி, இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனான். பெரியவர் கையமர்த்தினார்.

"தம்பி, தண்டல் வாங்கியிருக்கியா?"

"வாங்காத ஆளு யாருண்ணா இருக்கான் இங்க?"

"பத்தாயிரம்னு எழுதிக்கினு எட்டாயிரத்து ஐந்நூறு குடுப்பான். தெனம் நூறு, நூறு நாளு. மொத நாளே பத்தாயிரத்தையும் கட்டிடறேன்னு சொல்லுவியா?"

"எங்கேர்ந்துண்ணா கட்டறது?"

"அதான். சத்தியம் பண்றவன் மொத்தமா கட்டப் பாக்கறான். கைல கெடயாது. அதுக்கும் கடன்தான் வாங்குவான். இன்னிக்கு நூறு ரூபா கட்டு. இன்னிக்கு ஆடாத. நாளைக்குக் கதைய நாளைக்குப் பாரு."

"எப்பண்ணா முடியும் இது?" என்று டயர் கம்பெனிப் பையன் இடையில் கேட்டான். அவனுக்கு அது மூன்றாவது வாரம்.

"இந்தத் தண்டலு முடியாதுரா. ஆனா வட்டி கெடயாது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்ததைப் பார்த்தேன். அந்தந்த நாளை மட்டும் வாழ்வது என்று அந்த இயக்கத்தின் புத்தகங்கள் சொல்கிற தத்துவம் இவர்களுக்கு அந்நிய மொழியில் வர வேண்டியிருக்கவில்லை. தண்டல்காரனுடைய அட்டையில் தினம் ஒரு கட்டம் அடிபடுவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள். தங்களை நெரித்த ஒரு ஏற்பாட்டின் கணக்கு முறையை எடுத்துத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். நம் கவிஞர்களில் பலருக்கு வாய்க்காத படிமம் இது.

*

அந்த அறையில் நான் கவனித்த இன்னொன்று, கதை சொல்லல் சம்பந்தப்பட்டது. முதல் வாரங்களில் அண்ணன் சொன்ன கதையில் அவன் கதாநாயகன். விதி இருந்தது, துரோகம் செய்த நண்பர்கள் இருந்தார்கள், ஒரே ஒரு எண்ணில் கைநழுவிய லட்சம் இருந்தது. "துட்டு போச்சு" என்பான். பணம் தானாக எழுந்து நடந்துபோன மாதிரி. கேட்டவர்கள் மறுக்கவில்லை, அனுதாபமும் காட்டவில்லை. அவர்கள் எல்லோருமே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏலம் விடுகிற அம்மா மட்டும், "எந்தத் துட்டு? யார்து?" என்று கேட்பாள். வாரத்துக்கு வாரம் கதை சுருங்கியது. விதி போயிற்று, நண்பர்கள் போனார்கள். ஏழாவது மாதம் அவன் சொன்னது நான்கு வாக்கியம்: "பொண்ணு பீசு நாப்பத்திரண்டாயிரம். அவளுக்குத் தெரியும் என்கிட்ட இருக்குன்னு. நான் எடுத்தேன். மூணு மணி நேரத்துல ஆடித் தோத்தேன்." வாக்கியங்களில் 'நான்' வந்துவிட்டது. அலங்காரம் உதிர்வதை உரைநடையின் வளர்ச்சியாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதனின் முகத்தில் நடப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கடனை வீட்டார் அடைப்பதைப் பற்றியும் அந்த அம்மா ஒரு தடவை சொன்னாள். "நீங்க அடச்சா எங்களுக்கு அது கடன் தீந்த மாதிரி இல்லபா. ஜெயிச்ச துட்டு மாதிரி." பாக்கிப் பட்டியலை அவனவன் கையாலேயே எழுத வேண்டும்; சின்னத் தொகையானாலும் அவனே கட்ட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அண்ணன் எழுதியதில் பதினேழு பெயர்கள் இருந்தன. அதில் செத்துப்போனவர்கள் இருவர். அவர்கள் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கொடுத்து வந்தான்.

214ஆம் நாள் அண்ணன் மறுபடி ஆடினான். 600 ரூபாய். அடுத்த வியாழன் அவன் போகமாட்டான் என்று நினைத்தேன். போனான். எழுந்து பெயரைச் சொல்லி, "ஒண்ணாவது நாளு" என்றான். யாரும் உச்சுக்கொட்டவில்லை. டீ டம்ளர் ஒன்று அவன் பக்கம் நகர்ந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பெரியவர் அவன் தோளில் கைவைத்துச் சொன்னார்: "கட்டின எரநூத்திப் பதிமூணு நாளு கட்டினதுதான். அத்த யாரும் திருப்பித் தரமாட்டான்." எங்கள் வீட்டில் ஒவ்வொரு சத்தியமும் முறிந்தபோது அதுவரை சேர்ந்த நல்ல நாட்களும் சேர்ந்து முறிந்தன. சத்தியத்தின் கணிதம் அப்படி. தண்டலின் கணிதத்தில் விடுபட்ட நாள் ஒரு நாள்தான்.

*

தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதிலெல்லாம் சம்மதமில்லை. வேலை நிரந்தரமில்லாத, சம்பளம் போதாத, கடன் கொடுக்க வங்கி வராத ஒரு பிரதேசத்தின் நோயைத் தனிமனிதர்களின் நோயாகக் குறுக்கி, ஒரு அறைக்குள் உட்காரவைத்துப் பேசச் சொல்வது முதலாளிகளுக்குச் சௌகரியமான வைத்தியம் என்கிறார். சட்டம் வேண்டும் என்கிறார். சட்டமும் வந்தது. 2021இல் தமிழகச் சட்டம் உயர்நீதிமன்றத்தில் அடிபட்டது. நீதிபதி சந்துரு குழு 2022இல் அறிக்கை தந்தது. ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டசபை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் புதிய சட்டம் ஆயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்துவரை தடுத்தன. அந்த மணிகளை அறிந்த யாரோ அந்த விதியை எழுதியிருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அத்தகைய விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் இயற்றியது.

நண்பர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. கடை திறந்திருக்கும்வரை சித்த உறுதி பற்றிப் பேசுவது கேலிக்கூத்து. ஆனால் 2003இல் கடை மூடியபோது அண்ணன் எங்கே போனான் என்பதை நான் பார்த்தவன். கடையை மூடச் சட்டத்தால் முடியும். மூடிய கடை வாசலில் சாயங்காலம் ஏழு மணிக்கு நிற்கிறவனுக்குப் போக ஒரு இடம் வேண்டும். அங்கே அவன் பொய் சொன்னால் உடனே கண்டுபிடிக்கிறவர்களும், கண்டுபிடித்த பிறகும் எழுந்து போகாதவர்களும் இருக்க வேண்டும். குடும்பத்தால் முதலாவது முடியாது. ரொம்ப நாள் இரண்டாவதும் முடியாது. அன்பு குறைவு என்பதல்ல காரணம். நாங்கள் அந்த ஆட்டத்துக்கு வெளியே இருந்தோம்.

அண்ணன் மறுபடி ஆடிய அந்த 600 ரூபாய்க்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் அவன் அன்றைய நாளை மட்டும் சொல்கிறான். அவனுடைய ஏ.டி.எம். கார்டு மகளிடம் இருக்கிறது. பீஸ் கட்ட ஒரு வருஷம் தாமதமாகி, படித்து முடித்து, இப்போது வேலைக்குப் போகிறாள். காலையில் அவனுக்கு நூறு ரூபாய் தருகிறாள். பஸ்ஸும் டீயும் சாப்பாடும் போக மீதியை ராத்திரி டி.வி. மேஜைமேல் வைக்கிறான். அவள் அதை எண்ணித்தான் எடுத்துக்கொள்கிறாள். இத்தனை நாளுக்குப் பிறகுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன், அவன் காதுபட. அவள் பதில் சொல்லவில்லை. "எண்ணட்டும்டா" என்றான் அண்ணன்.